அறுபத்து நான்கு கட்டத்தில் ஒரு சிரிப்பு

அருளானந்தம் கம்ப்யூட்டர் வாங்கியது மகள் பெட்டிக்காக. அப்படித்தான் மனைவி மதலேனாவிடம் சொன்னார். பெட்டியோ ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் காலை முதல் மாலை வரை கம்ப்யூட்டரோடு மாரடித்துவிட்டு வருகிறவள். வீட்டிலும் ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று யோசித்தாள்.

அது 1984. வானொலியைத் திறந்தால் கம்ப்யூட்டர், பத்திரிகையைப் பிரித்தால் கம்ப்யூட்டர். அது தெரியாதவனுக்கு இனிமேல் கடையில் பரோட்டாகூடப் போட மாட்டார்கள் என்கிற அளவுக்குச் சிங்கப்பூர் முழுக்க ஒரே பேச்சு. அருளானந்தம் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். ஆணி எத்தனை, நட்டு எத்தனை என்று எண்ணியே தலை நரைத்தவர். ஓய்வு பெறுவதற்குள் ஏதாவது ஒன்றில் பேர் வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. ஞாயிறு தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க ஆசைப்பட்டார். அந்தப் பட்டியல் மதலேனாவின் அண்ணன் லாசரஸ் கையில் இருந்தது. "உனக்குக் குரல் மூக்கால வருது மாப்ளே," என்று லாசரஸ் பல வருஷமாக ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிம் லிம் டவரில் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டருக்கு ரப்பர் பொத்தான்கள். வீட்டு டிவியில் மாட்டினால்தான் உயிர் வரும். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி ஞாபகப்படுத்த கேசட்டைப் போட்டு ஓடவிட வேண்டும், அது காது கிழிகிற மாதிரி கீச்சிடும். கூட வந்த புத்தகத்தைப் பார்த்து அருளானந்தம் வாய்ப்பாடு போட்டுப் பார்த்தார். சலித்துப் போனது. அப்புறம் ஒரு பக்கத்தைப் புரட்டியபோது, எட்டுக்கு எட்டு கட்டத்தில் எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்று சொல்லிவிட்டால் நம் இஷ்டத்துக்கு ஒரு எழுத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. அதோடு மனிதர் வாய்ப்பாட்டைக் கைகழுவினார்.

எழுத்து எதற்கு, இருக்கிற எழுத்தையே யாரும் படிப்பதில்லை என்று முகம் வரைய ஆரம்பித்தார். பிள்ளைகள் கணக்குப் போடும் கட்டத்தாளில் பென்சிலால் கறுப்பாக்கி, வரிசைக்கு ஒரு எண்ணாகத் தட்டினார். முதல் முகம் தேவாங்கு மாதிரி வந்தது. இரண்டாவதற்குக் கண் இரண்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு சிரிப்பு அகப்பட்டது. வாயின் இரண்டு ஓரப் புள்ளிகளை மேலே வைத்தால் சிரிப்பு, கீழே இறக்கினால் சிடுசிடுப்பு, நேராக விட்டால் எதற்கும் பிடிகொடுக்காத முகம். மனிதனின் சந்தோஷத்துக்கும் கோபத்துக்கும் நடுவில் இரண்டே புள்ளிதான் என்று கண்டுபிடித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பூரிப்பு.

"என்னங்க, டிவில படம் போட்டுட்டான். அந்த மூஞ்சிய எடுங்க," என்றாள் மதலேனா.

"கொஞ்சம் பொறு. உன் மூஞ்சிக்குத்தான் கொண்டை போட்டுக்கிட்டிருக்கேன்."

"இதுவா நானு? தலையில போண்டாவ வெச்ச மாதிரி இருக்கு."

முகத்தைச் செய்துவிட்டால் மட்டும் போதுமா, அதற்கு ஒரு வேலை வேண்டாமா? அருளானந்தம் ஒரு விளையாட்டு எழுதினார். ஆண் பெயர் ஒன்று, பெண் பெயர் ஒன்று தட்ட வேண்டும். திரையில் எண்கள் கடகடவென்று ஓடும். ஓடுவது சும்மா, ஒரு பந்தாவுக்கு. ஓடி முடிந்ததும் மூன்று முகத்தில் ஒன்று திரை முழுக்க வரிசை வரிசையாக வந்து நிற்கும். எந்த முகம் என்பதை இயந்திரம் பகடை உருட்டுகிற மாதிரி, குருட்டாம்போக்கில் எடுக்கும். பெயரை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

முதலில் வந்து மாட்டியவர் லாசரஸ். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், ஒற்றை விரலால் தன் பெயரையும் மனைவி பெயரையும் தேடித் தேடிக் குத்தினார். எண்கள் ஓடின. பிறகு திரை முழுக்க சிடுமூஞ்சி, மேலிருந்து கீழ்வரை.

லாசரஸ் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார். "இது எப்படி மாப்ளே கண்டுபுடிச்சது?"

"மச்சான், இது சும்மா விளையாட்டு. பேரைப் பாத்து ஒண்ணும்—"

"சும்மா இரு லா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்ல. ஒன் மெஷின் சொல்லிடுச்சு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோயில் கேன்டீனில் காப்பி ஆறுவதற்குள் செய்தி நாலு பக்கமும் பரவிவிட்டது. அது பரவுவதற்கு நேரமும் தோதாக இருந்தது. தவக்காலப் பிரசங்கத்தில் ஃபாதர் சோதிடத்தைப் பிடித்து உலுக்கியிருந்தார். நம் பங்கு மக்களில் சிலர் பிள்ளைக்கு வரன் வந்தால் பூசைக்கு வந்துவிட்டு அப்படியே சிராங்கூன் ரோட்டில் கிளிக்காரரிடம் போய் உட்காருகிறார்கள், இது முதல் கட்டளைக்கு விரோதமான பாவம் என்று பெயர் சொல்லாமல் எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பல வீடுகளில் வரன்கள் முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில்தான் அருளானந்தம் வீட்டு மெஷின் பற்றித் தெரிய வந்தது. பத்துக் கட்டளையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றிலும் கம்ப்யூட்டர் இல்லை.

"சோசியம் பாவம், சரி. இது சயின்ஸ் லா," என்றார் லாசரஸ். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வந்தார்கள். புக்கிட் மேராவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி லிஃப்டில் பட்டுப்புடவைகள் ஏறி இறங்கின. முதல் இரண்டு ஞாயிறு அருளானந்தம் உண்மையைத்தான் சொன்னார். இது விளையாட்டு, நம்பாதீர்கள் என்றார். பெரிய ஆளாக இருந்தும் எவ்வளவு அடக்கம் என்று சொல்லிவிட்டு அவர்கள் பெயரைத் தட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு அவர் சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு உட்கார்ந்தார். சீக்கிரம் பதில் வந்தால் மரியாதை இல்லை என்று எண்கள் ஓடும் நேரத்தைக் கூட்டினார். கேசட் கீச்சிடும்போது ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள், அதை அவர் தடுக்கவில்லை. காசு வாங்கவில்லை, அந்த மட்டும் யோக்கியர். ஆனால் கேக்கு வந்தது, குவே பலகாரம் வந்தது, ஒரு தடவை உயிரோடு நண்டு வந்து மதலேனாவைச் சமையலறையில் ஓடவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, லாசரஸ் ஒருநாள் போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் வாசகம் உனக்கு என்றார். மூக்கால் வருகிற குரல் ஒரே ராத்திரியில் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

எல்லாருக்கும் சிரிப்பு வந்தால் பரவாயில்லை. பகடைக்கு அந்த இரக்கம் கிடையாது. தோ பாயோவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குச் சிடுமூஞ்சி விழுந்து, நிச்சயம் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. அன்றைக்கு அருளானந்தம் சாப்பிடவில்லை. உண்மையிலேயே மனசு வலித்தது.

"அப்பா, அது பகடைன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் பெட்டி. "போய்ச் சொல்லிடுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை."

"சொல்லிடலாம்மா. இந்த வாரம் எனக்கு வாசகம் இருக்கு. அது முடியட்டும்."

வாசகம் முடிந்தது. அடுத்த வாசகமும் முடிந்தது.

இதற்கிடையில் ஒருநாள் மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அருளானந்தம் ஒரு காரியம் செய்தார். சும்மாதான். தன் பெயரையும் மதலேனா பெயரையும் தட்டினார். சிடுமூஞ்சி. தான் எழுதியது, தனக்குத் தெரியாதா என்று சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். மறுபடி சிடுமூஞ்சி. மூன்றாவது தடவை தட்டத் துணிச்சல் வராமல் அணைத்துவிட்டார். அன்று இரவு ரசத்தில் உப்பு குறைந்தது. மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். இவ்வளவு நாளாக உப்பு குறைந்தால் உப்பு குறைந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

வினை அப்புறம்தான் வீட்டுக்குள்ளேயே வந்தது.

பெட்டிக்கும் அலெக்சாண்டருக்கும் இரண்டு வருஷப் பழக்கம். கிளமெண்டியில் இருக்கிற பையன், பாலிடெக்னிக்கில் லேப் வேலை. சிங்கப்பூர் வழக்கப்படி காதலைச் சொல்வதற்கு முன்பே வீட்டு வாரியத்தில் வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கும் சம்மதம். இனி கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை நடுவே வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் ஆன மாதிரி. அதற்கு நாள் குறிக்க அலெக்சாண்டரின் தாயார் பிலோமினம்மாள் வருவதாக இருந்தது. செபமாலை கையை விட்டு இறங்காத விதவை. அவர் ஒரு ஏற்பாட்டை நடத்தினாலும் நிறுத்தினாலும் பங்கில் மறுபேச்சு கிடையாது, மகன் வீட்டிலும் கிடையாது.

"ஓலை குடுக்குறதுக்கு முன்னாடி மெஷின்ல ஒரு தடவை பாத்துடலாம் தம்பி," என்று சொல்லி அனுப்பியிருந்தார். "ஊருக்கெல்லாம் பாக்குறீங்க. நம்ம பிள்ளைங்களுக்குப் பாக்காம விட்டா நல்லாருக்குமா?"

அருளானந்தம் வேர்த்துப் போனார். தோ பாயோ பெண்ணின் முகம் கண் முன்னால் வந்தது. மகள் விஷயத்தைப் பகடையிடம் விடுவதா? பிலோமினம்மாள் வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு வரியை மாற்றினார். இனி எந்தப் பெயரைத் தட்டினாலும் சிரிப்புதான் வரும். அடுத்தவர் பெண்களுக்காக இந்த வரி அவர் கைக்கு வராமல் போனதை நாம் சொல்லிக்காட்ட வேண்டாம், பெட்டியே சொல்லிக்காட்டினாள்.

பிலோமினம்மாள் வந்தார். கேசட் கீச்சிட்டது. அலெக்சாண்டர், பெட்டி என்று அருளானந்தம் தட்டினார். எண்கள் ஓடின, ஓடின, நின்றன. திரை முழுக்கச் சிரிப்பு. மதலேனா ஸ்தோத்திரம் சொன்னாள். பிலோமினம்மாள் முகம் மலர்ந்து, தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

கடித்ததை விழுங்கிவிட்டு, "எனக்கும் அவருக்கும் போடுங்க தம்பி," என்றார்.

"அண்ணனுக்கா? அவர்தான் செத்து... அதுக்கெல்லாம் இது பாக்காதுக்கா."

"பேரைத்தானே கேக்குது. ஆளையா கேக்குது? போடுங்க."

மறுக்க வழி தெரியவில்லை. அந்த அம்மாளின் வீட்டுக்காரர் வெளியில் எல்லாருக்கும் நல்லவர். வீட்டுக்குள் நுழைந்ததும் பெல்ட்டைக் கழற்றுகிறவர். பங்கு முழுக்கத் தெரியும், ஒருவரும் பேசியதில்லை, பிலோமினம்மாள் உட்பட. எண்கள் ஓடின. வரிசை வரிசையாக, மூலைக்கு மூலை சிரிப்பு வந்து நின்றது.

பிலோமினம்மாள் மீதி வடையைத் தட்டில் வைத்தார்.

"இது பொய் சொல்லுது," என்றார். குரல் உயரவில்லை. "அவர் கூட நான் இருபது வருஷம் இருந்தேன். இது சிரிக்குது."

அருளானந்தத்துக்கு அப்போதுதான் தன் விளையாட்டைப் பார்த்து வெட்கமாக இருந்தது. எழுந்து நின்றார். "அக்கா, மன்னிச்சுக்குங்க. இது பொய்யும் சொல்லாது, நிஜமும் சொல்லாது. வெறும் பகடை. நேத்து நான்தான் எல்லாத்துக்கும் சிரிப்பு வர்ற மாதிரி மாத்தி வெச்சேன். இதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க."

சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்தது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

"லாசரஸ் வீட்டு விஷயத்தைச் சொன்ன மெஷின் எப்படித் தம்பி பகடையாகும்?" பிலோமினம்மாள் நிதானமாகக் கேட்டார். "ஊருக்கெல்லாம் நிஜம் சொன்னதை, உங்க வீட்டுப் பொண்ணுன்னதும் மாத்தி வெச்சீங்கன்னா, நிஜம் என்னான்னு நீங்க பாத்துட்டீங்க. அது நல்லா இல்ல. அதான் மறைக்கிறீங்க."

"ஐயோ, பாக்கவே இல்லக்கா."

"பெத்தவரு. மறைக்கத்தான் செய்வீங்க. நான் குத்தம் சொல்லல." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஓலை இப்ப வேணாம். நான் பட்டது போதும். அதையே கொண்டாந்து பெட்டி தலையில வெக்க எனக்கு மனசு வரல."

ஆசை வைத்த பெண்ணைக் காப்பாற்றுவதற்காகவே கல்யாணத்தை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் போனார். அலெக்சாண்டர் அன்று மாலை போன் செய்து, அம்மாவிடம் பேசிப் பார்த்தேன், அழுகிறார், மேலே என்ன பேசுவது என்றான். பெட்டி போனை வைத்துவிட்டு டிவி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அது அருளானந்தத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா, அந்த மூஞ்சிய வரைஞ்ச கட்டத்தாள் எங்க?"

"எதுக்கும்மா?"

"குடுங்க."

மறுவாரம் பெட்டி அப்பாவை அழைத்துக்கொண்டு கிளமெண்டிக்குப் போனாள். கையில் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த தாள், சுருட்டியது. பச்சைக் கோடு போட்டு, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கிற அகலத் தாள். பிலோமினம்மாளின் மேசையில் அதை விரித்தாள். மேலே அலெக்சாண்டர், பெட்டி என்று பெரிய எழுத்தில் பெயர்கள். கீழே தாள் நிறையும்படி ஒரே ஒரு முகம், நட்சத்திரக் குறிகளாலேயே ஆனது, சிரித்தது. கண், வாய், ஓரப் புள்ளி எல்லாம் தன் கட்டத்தாளிலிருந்து அப்படியே எடுத்துப் பெரிதாக்கியது என்று அருளானந்தத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

பிலோமினம்மாள் தொடவில்லை. "இது எந்த மெஷினு?"

"எங்க ஆபீஸ் மெஷின் ஆன்ட்டி. அப்பாவோடது சின்னது. இது ஒரு ரூம் அளவு இருக்கும். ராத்திரி பகலா ஏர்கான்லயே வெச்சிருப்பாங்க. எல்லாரும் உள்ள போக முடியாது. போறவங்களும் செருப்பக் கழட்டிட்டுத்தான் போவணும்."

"செருப்பக் கழட்டணுமா?"

"ஆமா ஆன்ட்டி. தூசி போவக் கூடாது."

தூசி என்பது பிலோமினம்மாள் காதில் விழவில்லை. அவர் கை தானாகவே முந்தானையைச் சரிசெய்தது. தாளை இப்போது தொட்டுப் பார்த்தார். ஓர ஓட்டைகளை விரலால் தடவினார். பிறகு, பெட்டி எதிர்பார்த்திருந்ததைக் கேட்டார்.

"எனக்கும் அவருக்கும் இதுல பாக்க முடியுமா?"

பெட்டி பையிலிருந்து இரண்டாவது தாளை எடுத்தாள். மேலே பிலோமினம்மாள் பெயர், இறந்துபோனவர் பெயர். கீழே தாள் கொள்ளாத சிடுமூஞ்சி.

அதை அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் கோயிலிலும் சரி, உறவிலும் சரி, ஒரு ஆள் அவர் முகத்துக்கு நேரே சொல்லாததை ஒரு தாள் சொல்லியிருந்தது. அதை நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"இது பொய் சொல்லாது," என்றார். "வர்ற ஞாயித்துக்கிழமையே ஓலை குடுத்துடலாம் தம்பி."

அருளானந்தம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தாளையா, அந்த அம்மாளையா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. புறப்படும்போது பிலோமினம்மாள் பெட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, லாசரஸ் வீட்டுக்கும் அந்தப் பெரிய மெஷினில் பார்க்க முடியுமா, பாவம், சின்ன மெஷின் தப்பாகச் சொல்லியிருக்கும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் தடவையாகச் சிரித்தாள். ஆபீஸில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, சாப்பாட்டு வேளையெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தானே தட்டியதைச் சொன்னாள். விரல் இன்னும் வலிக்கிறது என்றாள். இதே கையோடு தோ பாயோவுக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு நீங்கள்தான் கூட வந்து பேச வேண்டும் என்றாள். அருளானந்தம் தலையாட்டிக்கொண்டே வந்தார். காதில் விழுந்ததா என்பது சந்தேகம்.

புக்கிட் மேரா நெருங்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"பெட்டி."

"என்னப்பா?"

"அந்தப் பெரிய மெஷின்ல, எனக்கும் அம்மாவுக்கும் ஒரு தடவை..."

பெட்டி திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்பா, அது நான் அடிச்சதுப்பா. வரைஞ்சதே நீங்கதான்."

"தெரியும்மா," என்றார் அருளானந்தம். "இருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பாரேன்."